ஜூலியட்டின் வயதும் கேப்யுலெட் குடும்பமும்

‘ரோமியோவும் ஜூலியட்டும்’ நாடகம் இந்தியப் பல்கலைக்கழக வகுப்பறைகளில் கற்பிக்கப்படும்போது, ஏதேனும் ஒரு மாணவர் அந்தக் கேள்வியை எழுப்பாமல் இருப்பதில்லை: திருமணம் பேசப்படும் அந்தப் பெண்ணுக்கு 13 வயதுதானா? அதற்குக் கிடைக்கும் விடையும் பெரும்பாலும் ஒன்றே: அக்காலத்தில் அப்படித்தான், பெண்களுக்கு அந்த வயதில்தான் மணம் முடித்தார்கள். அத்துடன் கேள்வி அடங்கிவிடும். பாடம் மீண்டும் நிலவொளிக்கும் சாளரத்துக்கும் திரும்பிவிடும்.

இந்த விடை வரலாற்று அடிப்படையில் தவறானது. கதை நிகழும் இத்தாலிக்கும் அது பொருந்தாது. நாடகம் எழுதப்பட்ட இங்கிலாந்துக்கும் பொருந்தாது. அதைவிட முக்கியமாக, இந்த விடை நாடகத்தின் நடுவே நிற்கும் ஒரு வீட்டைப் பார்வையிலிருந்து மறைத்துவிடுகிறது. ஜூலியட்டின் கதை காதலின் கதை மட்டுமன்று. தன் ஒரே மகளை நேசித்த ஒரு குடும்பம் அவள் ‘மாட்டேன்’ என்று சொன்ன ஒரு காலைப்பொழுதில் எவ்வாறு மாறியது என்பதன் கதையும் ஆகும்.

வயது குறைந்துகொண்டே வந்த வரலாறு

இக்கதையின் முதல் ஆசிரியர் ஷேக்ஸ்பியர் அல்லர். 1476இல் வெளிவந்த மசூச்சோ சலெர்னித்தானோவின் கதைத்தொகுப்பில், சியெனா நகரைச் சேர்ந்த இரு காதலர்கள் ஒரு துறவியின் உதவியால் மறைவாக மணந்துகொள்கிறார்கள். பெண் மயக்க மருந்து அருந்தி இறந்தவள்போல் கிடக்கிறாள். அங்கே ஜூலியட் என்னும் பெயரும் இல்லை, வெரோனாவும் இல்லை. விசென்சா நகரத்துப் போர்வீரரான லூயிஜி தா போர்தோ 1520களில் எழுதி, அவர் மறைவுக்குப் பின் 1530ஐ ஒட்டி வெனிஸில் அச்சான கதையில்தான் வெரோனாவும், மொந்தேக்கி, கப்பெல்லெத்தி என்னும் இரு குடும்பங்களும், ரோமியோ, ஜூலியெத்தா என்னும் பெயர்களும் ஒன்றுசேர்கின்றன. பார்தொலொமேயோ தெல்லா ஸ்காலா வெரோனாவை ஆண்ட 14ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் தம் கதையை அவர் நிறுத்துகிறார்.

அக்குடும்பப் பெயர்களை அவர் புதிதாகப் படைக்கவில்லை. தாந்தே தம் காவியத்தின் இரண்டாம் பகுதியில், ஆறாம் காண்டத்தில், உட்பகையால் சிதையும் இத்தாலியைப் பற்றிப் புலம்பும் இடத்தில் இவ்விரு பெயர்களையும் அடுத்தடுத்துக் குறிப்பிடுகிறார். அங்கே அவை அரசியல் கட்சிகளின் பெயர்கள். மொந்தேக்கியினர் வெரோனாவைச் சார்ந்தவர்கள். கப்பெல்லெத்தியினரோ கிரெமோனாவோடு தொடர்புபடுத்தப்படுபவர்கள். அடுத்தடுத்து நின்ற இரண்டு சொற்களைப் பிற்காலத்துக் கதைமரபு ஒரே தெருவில் வாழும் இரண்டு வீடுகளாக ஆக்கிக்கொண்டது. கட்சிப் பகை குடும்பப் பகையானது. குடும்பப் பகையின் சுமை இறுதியில் ஒரு பெண்ணின் தலைமேல் இறங்கியது.

தா போர்தோவின் கதையில் பெண்ணுக்கு 18 வயது நிறைவடையப்போகிறது. ரோமியோ நாடுகடத்தப்பட்ட துயரத்தில் அவள் அழும்போது, தாய் அதனைத் திருமணத்திற்கான ஏக்கம் என்று கருதி, கணவனிடம் வரன் தேடச் சொல்கிறாள். அழுகையைத் தவறாகப் படிப்பதிலிருந்தே பேரழிவு தொடங்குகிறது. மத்தேயோ பாந்தெல்லோ 1554இல் இக்கதையை விரித்து எழுதினார். 1559இல் பியேர் புவாஸ்துவோ அதனைப் பிரெஞ்சு மொழிக்குக் கொண்டுசென்றார். பிரெஞ்சிலிருந்து ஆர்தர் புரூக் 1562இல் ஆங்கிலத்தில் நீண்ட செய்யுளாகவும், வில்லியம் பெயின்டர் 1567இல் உரைநடையாகவும் ஆக்கினார்கள். பெயின்டர் 18 என்னும் வயதைப் பேணினார். புரூக் அதனை 16 ஆக்கினார். புரூக்கின் செய்யுளை முதன்மை மூலமாகக் கொண்டு 1590களின் நடுவில் எழுதிய ஷேக்ஸ்பியர், வயதை 13 ஆக்கினார். ஜூலை 31 இரவில் ஜூலியட்டுக்கு 14 நிறையும். நாடகம் தொடங்கும்போது அதற்கு இரு வாரங்களுக்குச் சற்று அதிகமான நாட்களே உள்ளன.

18, 16, 13 என்று இறங்கும் இவ்வரிசை தற்செயலாகத் தோன்றவில்லை. ஷேக்ஸ்பியர் காலத்தையும் இவ்வாறே சுருக்கினார். புரூக்கின் கதை பல மாதங்கள் நீள்கிறது. மணந்த இருவரும் பல வாரங்கள் மறைவாகச் சந்திக்கிறார்கள். ஷேக்ஸ்பியரிடம் எல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் தொடங்கி வியாழக்கிழமை விடியலில் முடிந்துவிடுகிறது. வயதையும் நாட்களையும் ஒருசேரக் குறைத்ததன் விளைவாக, பெண்ணுக்கு ஆறஅமரச் சிந்திக்கவோ, குடும்பத்துக்கு மனம் மாறவோ இடமே இல்லாமற்போகிறது.

பதிவேடுகள் காட்டும் உண்மை

‘அக்காலத்தில் அப்படித்தான்’ என்னும் கூற்றைச் சோதித்த வரலாற்றாய்வாளர்களுள் பீட்டர் லாஸ்லெட் குறிப்பிடத்தக்கவர். 1965இல் வெளிவந்த ‘நாம் இழந்த உலகம்’ என்னும் நூலில் அவர் ஜூலியட்டின் வயதையே ஒரு வினாவாக எடுத்துக்கொண்டார். கேன்டர்பரி மறைமாவட்டத்தில் 1619 முதல் 1660 வரை வழங்கப்பட்ட திருமண உரிமங்களில் சுமார் 1,000 மணப்பெண்களின் வயதை அவர் ஆராய்ந்தார். 13 வயது என்று பதிவானவள் ஒருத்தி மட்டுமே. 15 வயதினர் நால்வர். 16 வயதினர் பன்னிருவர். சராசரி வயது ஏறத்தாழ 24. பிற்காலத்தில் கேம்பிரிட்ஜ் மக்கள்தொகை வரலாற்றுக் குழுவினர் ஊர்த்திருச்சபைப் பதிவேடுகளைக் கொண்டு செய்த ஆய்வுகளும், அக்கால ஆங்கிலப் பெண்களின் முதல் திருமண வயது சராசரியாக 25, 26ஐ ஒட்டியிருந்ததை உறுதிசெய்தன. உயர்குடிகளில் மணவயது சற்றுக் குறைவே; ஆயினும் அங்கும் 13 வழக்கமான வயதன்று. ஷேக்ஸ்பியரின் சொந்த வாழ்வே ஒரு சான்று: 1582இல் அவர் ஆன் ஹாத்வேயை மணந்தபோது அவருக்கு 18, மணமகளுக்கு 26. மூத்த மகள் சுசானா பிறந்தது 1583இல். நாடகம் மேடையேறிய ஆண்டுகளில் அச்சிறுமி ஜூலியட்டின் வயதை நெருங்கிக்கொண்டிருந்தாள்.

இத்தாலியின் நிலை வேறு. ஃபுளோரன்ஸ் அரசு 1427இல் வரி விதிப்பதற்காகத் தொகுத்த குடும்பக் கணக்கெடுப்பை டேவிட் ஹெர்லிஹியும் கிறிஸ்தியான் கிளாபிஷ்-சூபரும் ஆராய்ந்து 1978இல் வெளியிட்டனர். அங்கே பெண்கள் சராசரியாக 18 வயதில், தம்மைவிடப் பத்து ஆண்டுகளுக்கு மேல் மூத்த, 30 வயதை ஒட்டிய ஆண்களை மணந்தார்கள். அதாவது தா போர்தோ தம் கதைநாயகிக்குக் கொடுத்த 18 என்னும் வயது, அவர் அறிந்த சமூகத்தின் நடைமுறையிலிருந்து விலகியதன்று. ஷேக்ஸ்பியரின் 13 எந்த ஊரின் சராசரியும் அன்று.

சட்டம் அனுமதித்ததும் மக்கள் நடத்தியதும் ஒன்றல்ல என்பதே இங்குக் கருதத்தக்கது. திருச்சபைச் சட்டப்படி பெண்ணுக்கு 12, ஆணுக்கு 14 என்பது மணத்துக்குரிய குறைந்தபட்ச வயது. சட்டப் புத்தகத்தின் அடிவரம்பைச் சமூகத்தின் வழக்கமாகப் படிப்பது, பழங்காலத்தைப் பற்றிப் பேசும்போது எளிதில் நேரும் பிழை. நாடகத்துக்குள்ளேயே இது விவாதமாக இருக்கிறது. இவளினும் இளையவர்கள் தாயாகி மகிழ்ந்திருக்கிறார்கள் என்று பாரிஸ் சொல்லும்போது, அத்தகையோர் விரைவிலேயே கெட்டழிகிறார்கள் என்று மறுப்பவர் ஜூலியட்டின் தந்தைதான். இன்னும் இரண்டு கோடைகள் கழியட்டும், அவள் மனத்தை முதலில் வெல்க, அவள் விருப்பத்தில் தம் இசைவு ஒரு பகுதி மட்டுமே என்கிறார். தம் மற்றப் பிள்ளைகளையெல்லாம் மண் விழுங்கிவிட்டது, எஞ்சியவள் இவள் ஒருத்தியே என்றும் சொல்கிறார். நாடகத்தின் தொடக்கத்தில் கேப்யுலெட் கொடுங்கோலரல்லர். இதனை மனத்தில் இருத்தினால்தான் பின்னால் வரும் வீழ்ச்சியின் ஆழம் புலப்படும்.

நிகழ்காலத்தில் சொல்லப்படும் ஒரு சொல்

ஜூலியட் மறைவாகச் செய்துகொண்ட திருமணம் செல்லுமா? இதற்கு அக்காலச் சட்டம் அளிக்கும் விடை இலக்கணத்தோடு தொடர்புடையது. 12ஆம் நூற்றாண்டில், மூன்றாம் அலெக்சாந்தர் திருத்தந்தையின் காலத்தில் உறுதிபெற்ற கொள்கைப்படி, திருமணத்தை உண்டாக்குவது இருவரின் இசைவே. ‘உன்னை ஏற்கிறேன்’ என்று நிகழ்காலத்தில் இருவரும் சொன்னால் அக்கணமே திருமணம் நிறைவேறியது. ‘ஏற்பேன்’ என்று எதிர்காலத்தில் சொன்னால் அது நிச்சயதார்த்தம் மட்டுமே. பின்னர் உடலுறவு நிகழ்ந்தால்தான் அது திருமணமாகும். ஒரு வினைமுற்றின் காலம் ஒரு பெண்ணின் வாழ்நாளைத் தீர்மானித்தது. சொல்லுதலே செயலாகும் கூற்றுகள் பற்றி 20ஆம் நூற்றாண்டில் ஜே. எல். ஆஸ்டின் வகுத்த கோட்பாட்டைத் திருச்சபை நீதிமன்றங்கள் பல நூற்றாண்டுகளாக நடைமுறையில் கையாண்டு வந்தன எனலாம்.

இக்கொள்கையில் பெற்றோருக்கு இடமில்லை. சாட்சியும் குருவும் கூடக் கட்டாயமல்லர். குடும்பங்கள் இதனை விரும்பாததில் வியப்பில்லை. பிரான்சில் இரண்டாம் ஹென்றி 1556இல் பிறப்பித்த ஆணை, பெற்றோர் இசைவின்றி மணக்கும் 30 வயதுக்குட்பட்ட மகனையும் 25 வயதுக்குட்பட்ட மகளையும் சொத்துரிமையிலிருந்து நீக்க வழிவகுத்தது. புவாஸ்துவோவின் பிரெஞ்சுக் கதை அதற்கு மூன்றாண்டுகள் கழித்தே வெளிவந்தது. 1563இல் திரெந்து சங்கம், பங்குக்குருவும் சாட்சிகளும் இல்லாத திருமணம் செல்லாது என்று தீர்மானித்தது. ஆயினும் பெற்றோரின் இசைவைக் கட்டாயமாக்க மறுத்துவிட்டது. சீர்திருத்தச் சபைக்கு மாறிவிட்ட இங்கிலாந்து பழைய கொள்கையிலேயே நின்றது. 21 வயதுக்குட்பட்டோர் பெற்றோர் இசைவின்றி மணக்கலாகாது என்று 1604இல் திருச்சபை விதி எழுதப்பட்டபோதும், அதை மீறிய திருமணம் செல்லாததாகவில்லை. அந்நிலையை மாற்றிய நாடாளுமன்றச் சட்டம் 1753இல்தான் வந்தது.

ஆகவே 1590களின் லண்டன் பார்வையாளருக்கு ஜூலியட்டின் நிலை வெறும் காதல் மனநிலையாகத் தோன்றியிருக்காது. அது ஒரு சட்டச் சிக்கல். துறவி முன்னிலையில் அவள் ரோமியோவை மணந்துவிட்டாள். அத்திருமணம் செல்லும். தந்தை வற்புறுத்தும் இரண்டாம் திருமணமோ ஒருத்தி இரு கணவரைக் கொள்ளும் குற்றமாகும். அவள் மறுப்பது பிடிவாதத்தாலன்று. ஏற்கெனவே சொல்லிவிட்ட ஒரு நிகழ்காலச் சொல்லைக் காப்பதற்காக. அந்தச் சொல்லை அவ்வீட்டில் வெளிப்படையாகச் சொல்ல அவளால் முடியவில்லை. சட்டம் அவளுக்குக் கொடுத்த உரிமையைக் குடும்பம் அவளுக்குக் கொடுக்கவில்லை.

வீட்டுக்குள் வழங்கிய மொழி

அக்கால ஆங்கிலத்தில் முன்னிலைப் பெயர்கள் இரண்டு இருந்தன; ஏறத்தாழத் தமிழின் ‘நீ’, ‘நீங்கள்’ போல. பெற்றோர் பிள்ளையை ‘நீ’ என்பர். பிள்ளை பெற்றோரை மரியாதைப் பன்மையால் அழைக்கும். ஜூலியட் தாயைச் ‘சீமாட்டி’ என்று விளிக்கிறாள். முழந்தாளிட்டுத் தந்தையிடம் மன்றாடும்போதும் அவரை மரியாதைப் பன்மையில்தான் அழைக்கிறாள். இம்முறையில் அன்புக்கு இடமுண்டு; சமத்துவத்துக்கு இடமில்லை. ரோமியோவிடம் முதற்சந்திப்பில் அவள் பயன்படுத்துவதும் மரியாதைப் பன்மையே. சாளரக் காட்சியில் அது ‘நீ’ ஆக மாறுகிறது. அவனும் அவளை ‘நீ’ என்கிறான். இரு திசையிலும் ஒரே சொல் செல்லும் உறவு அவள் வாழ்வில் இது ஒன்றுதான். தமிழ் வாசகருக்கு இந்நுட்பத்தை விளக்கவேண்டிய தேவையே இல்லை; இன்றைய ஆங்கிலம் இழந்துவிட்ட அந்த வேறுபாடு தமிழில் உயிரோடிருக்கிறது.

மூன்றாம் அங்கத்தின் ஐந்தாம் காட்சி இக்குடும்பத்தின் மொழியை முழுமையாகத் திறந்துகாட்டுகிறது. டிபால்ட் இறந்த திங்கட்கிழமை இரவே, மகளைக் கேளாமல், தந்தை பாரிஸுக்கு வாக்களித்துவிடுகிறார். அவள் எல்லாவற்றிலும் தமக்குக் கட்டுப்படுவாள் என்பதில் அவருக்கு ஐயமே இல்லை. நாள் குறிப்பதும் பேரம்போலவே நடக்கிறது: புதன் மிக விரைவு, வியாழன் ஆகட்டும். மறுநாள் காலை மகள் மறுத்த செய்தி கேட்டதும், எதிரே நிற்கும் மகளை விட்டுவிட்டு மனைவியிடம், ‘அவள்’ என்று படர்க்கையில் கேள்விமேல் கேள்வியாக அடுக்குகிறார்: அவளுக்கு நன்றியில்லையா, பெருமையில்லையா என்று. முன்னிலையில் நிற்பவளைப் படர்க்கையாக்குவது அவளை உரையாடலிலிருந்து வெளியேற்றுவதாகும். பின்னர் அவர் அவளை நோக்கித் திரும்பும்போது வரும் சொற்கள் பிணம், சுமை, பொம்மை என்னும் பொருளுடையவை. மூன்றும் வாயற்ற பொருள்கள். பணியாவிட்டால் தெருவில் பிச்சையெடுத்துப் பட்டினியால் சாகட்டும், தம் மகளென்று ஒருபோதும் ஏற்கமாட்டேன் என்பதே இறுதித் தீர்ப்பு.

புரூக்கின் செய்யுளில் இதே இடத்தில் தந்தை பண்டைய உரோமச் சட்டத்தைத் துணைக்கழைக்கிறார்: பிள்ளைகளை அடகுவைக்கவும் விற்கவும், எதிர்த்தால் கொல்லவுங்கூடத் தந்தைக்கு உரிமையிருந்தது என்று நினைவூட்டுகிறார். ஷேக்ஸ்பியர் அந்தச் சட்டப் பேருரையை நீக்கிவிட்டார். அவருடைய கேப்யுலெட்டுக்கு மேற்கோள் தேவைப்படவில்லை. இரவும் பகலும் அவளுக்கு நல்ல வரன் தேடுவதே தம் கவலையாக இருந்தது என்று அவர் சொல்வதில் பொய்யில்லை. அன்பே அதிகாரத்தின் வாதமாக மாறும் தருணம் அது. இந்தியக் குடும்பங்களின் மொழியை அறிந்த எவருக்கும் அவ்வாதத்தின் ஒலி புதிதாக இராது.

பெயரற்ற தாயும் பால்தாயும்

ஜூலியட்டின் தாய்க்கு இந்நாடகத்தில் சொந்தப் பெயரில்லை. தா போர்தோவின் கதையில் அவள் ஜொவான்னா. 1599இல் வெளிவந்த இரண்டாம் பதிப்பில் அவள் பேச்சுகளுக்கு முன்னால் அச்சிடப்பட்ட குறிப்புகள் இடத்துக்கு இடம் மாறுகின்றன: மனைவி, தாய், சீமாட்டி, முதிய சீமாட்டி. இன்று நாம் அறிந்த ‘கேப்யுலெட் சீமாட்டி’ என்னும் ஒரே சீரான பெயர் பிற்காலப் பதிப்பாசிரியர்கள் நிலைநிறுத்தியது. யாரோடு பேசுகிறாளோ அவ்வுறவின் பெயரே அவள் பெயர். தன் மகளின் வயதையொட்டிய வயதிலேயே தான் அவளுக்குத் தாயாகிவிட்டதாக அவள் கூறுகிறாள். அப்படியானால் அவளுக்கு 30 வயதுகூட ஆகியிருக்காது. கணவரோ தாம் முகமூடி அணிந்து ஆடி ஏறத்தாழ 25 ஆண்டுகள் ஆகின்றன என்று கணக்கிடும் முதியவர். தனக்கு நேர்ந்ததையே மகளுக்கும் இயல்பென்று கொடுப்பவள் அவள். இதுவே அவளுடைய கொடுமையும் அவளுடைய துயரமும்.

மகளின் வயதை நாட்கணக்காக அறிந்தவள் தாயல்லள், செவிலியே. தன் சொந்தக் குழந்தை சூசன் இறந்துபோக, அதே வயதுடைய எசமானர் மகளுக்குப் பாலூட்டியவள் அவள். நிலநடுக்கம் வந்த நாளில் முலைக்காம்பில் எட்டிச்சாறு போன்ற கசப்பைத் தடவிப் பால் மறக்கச்செய்ததையும், அப்போது பெற்றோர் மாந்துவாவில் இருந்ததையும் அவள் நினைவுகூர்கிறாள். உயர்குடிப் பெண்கள் தம் குழந்தைகளைப் பால்தாயரிடம் ஒப்படைத்த ஐரோப்பிய வழக்கம், ஜூலியட்டுக்கு இரண்டு தாய்மாரைக் கொடுத்தது: ஒருத்தி அதிகாரத்தின் பக்கம், மற்றொருத்தி உடலின் பக்கம். ஆனால் அந்தக் காலையில் இருவருமே கைவிடுகிறார்கள். தாய் இனி உன்னோடு பேச்சில்லை என்று வெளியேறுகிறாள். செவிலியோ ரோமியோவை மறந்துவிட்டுப் பாரிஸை மணந்துகொள்ளச் சொல்கிறாள். கூலிக்கு வாழும் ஒருத்தியின் கணக்கில் அது நடைமுறை அறிவு. ஜூலியட்டின் கணக்கில் கடைசிக் கதவும் அடைபட்டது. மருந்துக் குப்பி அதற்குப் பிறகே அவள் கைக்கு வருகிறது.

அவள் பொய்யாகப் பணிந்ததும் தந்தை மகிழ்ந்துபோய்த் திருமணத்தை மேலும் ஒருநாள் முன்னதாக, புதன்கிழமைக்கே மாற்றிவிடுகிறார். துறவியின் மடல் மாந்துவா சேர்வதற்கு இருந்த கால இடைவெளி இதனால் இன்னும் குறுகிப்போகிறது. பேரழிவைக் கொள்ளைநோயின்மேலும் விதியின்மேலும் சுமத்தும் உரைகள் பல. விதி அந்தக் குறுகிய இடைவெளியில்தான் செயற்பட்டது. இடைவெளியைக் குறுக்கியது குடும்பத்தின் மகிழ்ச்சி.

1929

ஷேக்ஸ்பியருக்குப் பிந்தைய மேடை இந்த வயதைத் தாங்கிக்கொள்ளவில்லை. 1748இல் டேவிட் கேரிக் திருத்தி நிகழ்த்திய வடிவம் ஜூலியட்டை 18 வயதை எட்டுபவளாக்கியது. 1936இல் ஹாலிவுட் எடுத்த திரைப்படத்தில் அவ்வேடத்தில் நடித்த நார்மா ஷீரர் 30 வயதைக் கடந்தவர். ஆனால் சட்டம் அசையவில்லை. பெண்ணுக்கு 12 என்னும் குறைந்தபட்ச மணவயது இங்கிலாந்தில் 1929 வரை நீடித்தது; அவ்வாண்டில்தான் அது 16 ஆக உயர்த்தப்பட்டது.

அதே 1929இல்தான் இந்தியாவில் சாரதா சட்டம் நிறைவேறியது. அது பெண்ணுக்கு வகுத்த குறைந்தபட்ச மணவயது 14. அதற்கு முந்தைய அரை நூற்றாண்டாக இந்தியப் பெண்களின் மணவயது காலனிய விவாதத்தின் மையமாக இருந்தது. 11 வயதில் மணம்செய்து வைக்கப்பட்ட ருக்மாபாய், கணவரோடு வாழ மறுத்தபோது அவர்மேல் 1884இல் வழக்குத் தொடுக்கப்பட்டது. கணவர் வீட்டுக்குச் செல், அன்றேல் சிறை செல் என்று 1887இல் நீதிமன்றம் ஆணையிட்டபோது, சிறைக்குச் செல்லத் தயார் என்றார் அவர். பின்னாளில் அவர் மருத்துவரானார். 1891இல் உடலுறவுக்கு இசையும் வயது 10இலிருந்து 12 ஆக உயர்த்தப்பட்டபோது அதற்கெதிராகப் பெருங்கிளர்ச்சி எழுந்தது. இந்தியக் குடும்பத்தின் பிற்போக்குக்குச் சான்றாகக் குழந்தை மணத்தைக் காட்டிய பேரரசு, அதே ஆண்டுகளில் 13 வயது மணமகளின் நாடகத்தைக் காதலின் உச்சமாகக் கல்லூரிகளில் பாடம் வைத்தது. தன் சொந்த நாட்டின் சட்டத்தில் 12 என்னும் வரம்பையும் வைத்துக்கொண்டிருந்தது. இதனால் இந்தியக் குழந்தை மணம் நியாயமாகிவிடாது. ‘அக்காலத்தில் அப்படித்தான்’ என்னும் சலுகை யாருக்கு வழங்கப்பட்டது, யாருக்கு மறுக்கப்பட்டது என்பதே இங்கு எழும் கேள்வி.

இங்கே ஒரு சிக்கலையும் எதிர்கொள்ளவேண்டும். இன்றைய இந்தியச் சட்டத்தின்படி ரோமியோவோடு நடந்த மணம், பாரிஸோடு நிச்சயிக்கப்பட்ட மணம் ஆகிய இரண்டுமே குழந்தைத் திருமணங்களே. தன்விருப்பம் என்னும் சொல்லை 13 வயதுச் சிறுமிக்குப் பொருத்திப் பேசுவது எளிதன்று. அவளைக் காதலின் இலட்சியமாகக் கொண்டாடுவதும் அதனாலேயே கூச்சம் தருவதாகிறது. நாடகம் இச்சிக்கலைத் தீர்த்துவைக்கவில்லை, அதனைக் கண்முன் நிறுத்துகிறது. திருமணம் செய்துவைக்கும் அளவுக்கு அவள் வளர்ந்துவிட்டாள் என்று கருதும் அதே குடும்பம், மறுக்கும் அளவுக்கு அவள் வளரவில்லை என்று கருதுகிறது. வயது என்பது அவ்வீட்டில் ஓர் அளவையன்று. தேவைக்கேற்பக் கூட்டியும் குறைத்தும் பயன்படுத்தப்படும் ஓர் ஆயுதம்.

ரோமியோ என்னும் பொதுப்பெயர்

இந்திய மொழிகள் பலவற்றில் ‘ரோமியோ’ பொதுப்பெயராகிவிட்டது. பெண்கள் பின்னால் சுற்றும் இளைஞனை அது ஏளனமாகக் குறிக்கிறது. 2017இல் உத்தரப் பிரதேசக் காவல்துறை அமைத்த குழுக்களும் ரோமியோ எதிர்ப்புப் படைகள் என்றே அழைக்கப்பட்டன. பெண்ணுக்கு ஆபத்து தெருவிலிருந்து, அந்நிய ஆணிடமிருந்து வருகிறது என்னும் புரிதல் அச்சொல்லில் அடங்கியிருக்கிறது. மூல நாடகத்தில் ஜூலியட்டை அடிக்கக் கை அரிப்பதாகச் சொல்பவர் தெருவில் நிற்பவரல்லர், அவள் தந்தை. சொற்பொருள் மாற்றத்தின் வரலாற்றில் ரோமியோ குற்றவாளியானான். கேப்யுலெட் எந்த மொழியிலும் பொதுப்பெயராகவில்லை.

அப்படி ஒரு சொல் இல்லாமற்போனாலும் அது குறித்திருக்கவேண்டிய பொருள் இல்லாமற்போகவில்லை. வயதுவந்த இருவர் மணக்க இசைந்தால் குடும்பத்தின், சமூகத்தின், குலத்தின் இசைவு தேவையில்லை என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2018இல் ஒரு தீர்ப்பில் வெளிப்படையாகச் சொல்லவேண்டியிருந்தது. மானத்தின் பெயரால் நிகழும் கொலைகளைப் பற்றிய வழக்கு அது. 12ஆம் நூற்றாண்டின் திருச்சபைச் சட்டம் ஏற்றுக்கொண்ட ஒன்றை 21ஆம் நூற்றாண்டின் நீதிமன்றம் மீண்டும் சொல்லவேண்டியிருந்தது. கேப்யுலெட் வீட்டில் அடைபட்ட அச்சொல்லைப்போல், சட்டத்தில் இருப்பது வீட்டின் வாசற்படியைத் தாண்டுவது எக்காலத்திலும் எளிதாக இருந்ததில்லை.

பொன்னும் வெண்கலமும்

கல்லறைக் காட்சியில் மகளின் உடல் கிடக்க, கேப்யுலெட் மாண்டேகுவின் கையைக் கேட்கிறார். அதுவே தம் மகளுக்குரிய பங்கு என்கிறார். அவர் ஆளும் சொல், மணமகன் வீட்டார் மணப்பெண்ணின் பிற்காலப் பாதுகாப்புக்காக எழுதிவைக்கும் சொத்தைக் குறிக்கும் சட்டச்சொல். அவர் அறிந்த மொழி அது ஒன்றே. அதனினும் மேலாகத் தரமுடியும் என்று மாண்டேகு ஜூலியட்டுக்குப் பொற்சிலை எழுப்ப முன்வருகிறார். உடனே கேப்யுலெட், ரோமியோவுக்கும் நிகரான சிலை எழும் என்கிறார். பகை முடிந்தது, போட்டி முடியவில்லை. உயிரோடிருந்தபோது பேசவிடப்படாதவள் பேசமுடியாத பொன்னாகிறாள்.

இன்றைய வெரோனாவில், வியா கப்பெல்லோ தெருவில், ‘ஜூலியட்டின் வீடு’ என்று காட்டப்படும் கட்டடம் ஒன்றிருக்கிறது. தல் கப்பெல்லோ என்னும் குடும்பத்தாருக்கு உரியதாயிருந்த அவ்வீட்டை, பெயரொப்புமையே கப்பெல்லெத்தியரோடு இணைத்தது. அதனைப் பின்னர் நகராட்சி வாங்கியது. அங்கே எல்லோரும் அண்ணாந்து பார்க்கும் மாடம், அந்தோனியோ அவேனாவின் மேற்பார்வையில் நடந்த புனரமைப்பின்போது, இரண்டாம் உலகப்போரை ஒட்டிய ஆண்டுகளில் பழங்கற்களைக் கொண்டு பொருத்தப்பட்டது. ஷேக்ஸ்பியரின் பனுவலில் மாடம் என்னும் சொல்லே இல்லை. அவர் எழுதியது சாளரம். முற்றத்தில் 1972இல் நெரேயோ கொஸ்தந்தீனி வடித்த வெண்கல ஜூலியட் நிறுத்தப்பட்டாள். அச்சிலையின் வலது மார்பைத் தொட்டால் காதல் கைகூடும் என்னும் நம்பிக்கை பரவியது. தொட்டுத்தொட்டு வெண்கலம் தேய்ந்து விரிசல்விட்டதால், 2014இல் மூலச்சிலையை உள்ளே எடுத்துவைத்து, முற்றத்தில் அதன் பிரதியை நிறுத்தினார்கள். பிரதியின் மார்பையும் தொடுகிறார்கள்.

நாடகத்தின்படி அச்சிலைக்குரியவளுக்கு 14 நிறையவில்லை. வகுப்பறையில் அடுத்த முறை அந்த மாணவர் அந்தக் கேள்வியை எழுப்பும்போது, விடையை அங்கிருந்து தொடங்கலாம்.